மொரோ வீட்டுச் சொந்தங்கள்

அன்புள்ள வாலுக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் அவருடைய கோபமும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

நீ கட்டிக்கொள்ளப் போகும் பிள்ளையின் குடும்பப் பெயர் மொரோ என்று சொன்னாலும் சொன்னாய், நாங்கள் பிழைக்க வந்த இந்த வெள்ளைக்கார ஊரில் அது எங்களை விடாமல் துரத்துகிறது, தெருவுக்கு நாலு பேருக்கு அதே பெயர். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வந்த பிரேம் பெட்டியில் மொரோ. அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கப் போன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரின் அறைக் கதவில் மொரோ. இது போதாதென்று, ஊரை ஏமாற்றிய ஒரு மொரோவைப் பிடித்து உள்ளே வைத்திருப்பதாகப் பேப்பரில் வேறு வந்து தொலைத்தது. நமக்கெல்லாம் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி, அடுத்த தலைமுறைக்கு அதுவும் மாறிவிடும். இவர்களுக்குப் பரம்பரையாக ஒரே பெயர் என்றால் எல்லோரும் ஒரே வீட்டு ஆட்கள்தான் என்பது உன் அப்பாவின் முடிவு. "ஏமாத்துக்காரன் குடும்பத்துல என் பொண்ணைக் குடுக்கணுமா?" என்று குதித்தார். அப்படியானால் அந்த டாக்டர் யாராம் என்று கேட்டேன். "அவரு பெரியப்பா வழியா இருக்கும்" என்கிறார். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள? அன்றிலிருந்து உன் போன் வந்தாலே குளியலறைக்குள் புகுந்துகொள்கிறார். அப்பா சம்மதிக்காமல் கல்யாணப் பதிவுக்கு நாள் குறிக்க மாட்டேன் என்று நீ அங்கே அழுகிறாய்.

நேற்று டிவியில் சைக்கிள் பந்தயம். மலை இறக்கத்தில் ஒரு பையன் சறுக்கி விழுந்தான், திரையில் பெயர் போட்டார்கள், அவனும் மொரோ. சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவனைத் தூக்கிக்கொண்டு போகும்வரை உட்காரவே இல்லை. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அவளுக்கு ஒரு போன் போட்டு விசாரி. நம்ம மாப்பிள்ளை மனசு என்ன பாடுபடுதோ" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி என்று அவர் வாயால் இதற்கு மேல் வராது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன். நாளைக் குறித்துவிடு. அந்தச் சைக்கிள் பையன் யாரோ எவரோ என்று மட்டும் இப்போதைக்கு அப்பாவிடம் சொல்லிவிடாதே. குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு போ. இரண்டு பேரும் மனம் கோணாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா