கண்ணாடி ஏற்றாத கத்தி

பட்டறைச் சக்கரத்தில் தேய்க்கிற பாலிஷ் சோப்பு சூடேறினால் ஒரு கருகின மெழுகு வாசனை வருமே, இன்றைக்குக் காலையில் அது என் சட்டையோடு வீட்டுக்குள் வந்தது. அடுப்படியிலிருந்து உன் குரல் வரும் என்று செத்த நேரம் நின்றேன். "அந்தக் கையோட சோத்துப் பானையத் தொடாதீங்க!" வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு நம் மகள் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எனக்கு எழுத்து எங்கே தெரியும்? பார்த்ததெல்லாம் நீ கத்தியில் காட்டிய எழுத்துத்தான்.

நாகல் நகர் பட்டறையில் நான் துணிச் சக்கரத்தில் கத்தியைப் பிடிப்பேன். நீ வாங்கித் துடைத்து, காலண்டர் தாளை அலகுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பாய். தாளில் இருக்கிற எழுத்து அலகுக்குள் நெளியாமல் தெரிந்தால்தான் உனக்கு அது கண்ணாடி பாலிஷ்.

"என்னங்க இது, தாள்ல இருக்குற வியாழக்கெழம குடிச்சுப்புட்டு வந்த மாரி தள்ளாடுது?"

"கடைக்காரன் கத்திய வாங்குறானா, கெழமைய வாங்குறானா?"

"பேசாம சக்கரத்துல குடுங்க."

குடுப்பேன். நீ சரியென்று சொல்லாத கத்தி எதுவும் பெட்டிக்குள் போனதில்லை.

அம்புட்டுக் கறாராக இருந்த நீ, உன் அடுப்படிக் கத்தியை மட்டும் என் கையில் தந்ததேயில்லை. கல்யாணமான புதிதில் கேட்டேன். தலை நரைத்த பிறகும் கேட்டேன். கண்ணாடி ஏற்றினால் உருளைக்கிழங்கு அலகோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பாய். விடாமல் கேட்டால், "வெங்காயம் அரியிறப்ப எம் மூஞ்சி வேற உள்ள தெரியணுமா? ஒருத்தி அழுதா பத்தாதா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய்.

அந்தக் கத்தியைத்தான் மகள் நீட்டினாள். "கண்ணாடி மாரி பண்ணிக் குடுங்கப்பா. அம்மா ஞாபகமா எங்க வீட்டு அலமாரில வைக்கணும்."

சரியென்றுதான் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கடைக் கத்தி ஒன்றை முடித்துவிட்டு உன்னுடையதை எடுத்தேன். பார்க்கிறவர்கள் பளபளப்பை மேலே பூசுகிறோம் என்று நினைக்கிறார்கள். பூசுவது இல்லை அது, எடுப்பது. கீறல் எம்புட்டு ஆழமோ அம்புட்டு இரும்பை எடுக்க வேண்டும். ஒரு கீறல் மிஞ்சினாலும் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். உன் கத்தியில் எதை எடுப்பேன்? புளி பட்ட கறுப்பையா? தண்ணித் தொட்டிக் கல்லில் நீ தீட்டித் தீட்டி வயிறு ஒட்டிப்போன அலகையா? சக்கரத்தை நிறுத்திவிட்டேன்.

அப்படியே திருப்பிக் கொண்டுவந்ததும் மகளுக்குக் கோபம். "ஊருக்கெல்லாம் பண்ணீங்க. அம்மாவுக்கு ஒண்ணு பண்ண மனசு வரலையா?"

மனையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உன் கத்தியால் சின்ன வெங்காயம் அரிந்தேன். அலகில் என் முகம் தெரியவில்லை, வெறும் சாம்பல் நிறம். ஆனால் வெட்டு சுத்தம், ஒன்றுகூட ஒட்டவில்லை. அரிந்துகொண்டே நீ வெங்காயத்தைப் பற்றிச் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது தெரியாதாம். பிறகு தாளும் பேனாவும் எடுத்துவந்து, "சொல்லுங்கப்பா, அம்மாவுக்கு எழுதுவோம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கத்தி இங்கேயே கிடக்கட்டும், நீங்களும் அரிஞ்சு திங்கணும்ல என்கிறாள் இப்போது.

ஒருத்தி அழுதால் பத்தாதா என்று கேட்டாயே. கண்ணாடி இல்லாமலே இங்கே ரெண்டு பேர். எழுதுகிறவள் வெங்காயம்கூட அரியவில்லை.