அடுத்த பிறந்த நாள் யாருக்கு

மார்ச் 22, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. தண்ணீர் ஆறரைக்கே நின்றுவிட்டது. இரண்டு வாளிதான் பிடித்தேன்.

செய்ய வேண்டியது: கீழ் வீட்டு ரவிக்கை மூன்று. மகள் கௌரியின் கடைச் சட்டைக்குப் பட்டன். இவருக்குத் தலைவலிக் குளிசை வாங்கவே கூடாது. வாங்கிக் கொடுத்துக் கொடுத்து நான்தான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

தலைவலி மூன்று வாரமாக. பிடரியில் தொடங்குகிறது, கண் சிவந்துபோகிறது. போய்ப் பிரஷர் பாருங்கள் என்றால் பாய்கிறார். "பிரஷர்னு எழுதிட்டா சாக்கடைக் கான் வேலையிலிருந்து எடுத்துருவாங்க. பெறகு பைலைத் தோண்டுவாங்க. ஒனக்கு வெளங்குதா இல்லியா?" விளங்குகிறது. விளங்கித்தான் முப்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

பத்து மணிக்குக் கணக்கெடுக்கிற பிள்ளை வந்தாள். போன கிழமை கிராம அலுவலர் ஜீஎஸ் கடிதம் தந்துவிட்டுப் போனாரே, அதுதான். பெரியவர்கள் என்ன விளையாடுகிறார்கள், என்ன உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கிறார்களாம். எங்கள் லைன் வீடுகளில் எங்கள் வீடு மட்டும் குலுக்கலில் விழுந்திருக்கிறது. பெயர் ரிஸ்னா. வத்தேகம பிள்ளை. மஹய்யாவ ஏற்றம் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தோளில் பெரிய பை. கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: தராசு, உயரம் பார்க்கிற கம்பு, பிரஷர் மெஷின்.

பிரஷர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத மனுஷனைத் தேடி மெஷினே வீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மா தாயே என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

ஆனால் வீட்டில் ஒருவருக்குத்தானாம். யார் என்பதை அவளும் தீர்மானிக்க முடியாது, நாங்களும் முடியாது.

"பெரிய ஆக்கள் மூணு பேர்தானே? இன்டையிலேர்ந்து பாத்தா, அடுத்து யாருக்குப் பொறந்த நாள் வருதோ அவங்கள்ட்டதான் கேக்கணும்" என்றாள்.

கௌரி செப்டம்பர் என்றாள். நான் மே. இவர் சட்டென்று, "நவம்பர்" என்றார். அவள் கேட்கவே இல்லை, "எட்டாந்தேதி, நவம்பர்" என்று இன்னொரு தரமும் சொன்னார்.

நவம்பர் சான்றிதழில் இருக்கிறது. மெய்யான நாள் சித்திரையில். இன்னும் நாலு கிழமைகூட இல்லை. இதை எழுதுவது இதுதான் முதல் தடவை. மாமனார் இவரைப் பதியாமல் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறபோது போய் மூன்று வயதைக் குறைத்து, வாயில் வந்த தேதியைக் கொடுத்திருக்கிறார். சான்றிதழில் ஐம்பத்தெட்டு, மெய் வயது அறுபத்தொன்று. அறுபதில், இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டிருக்க வேண்டிய ஆள். வேலை போனால் வேலையோடு தந்த இந்த வீடும் போகும். கௌரிக்கே தெரியாது, வருஷா வருஷம் நவம்பரில் கேக் வாங்கி வருகிறாள். சித்திரையில் நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய், ஐயர் காதில் மட்டும் நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனை பண்ணிவிட்டு வருவோம். யாரும் கேட்டால் கௌரிக்கு வரன் அமைய என்று சொல்வது.

வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"அப்ப அன்ட்டிதான்" என்றாள் ரிஸ்னா.

என் கையில் பட்டியைக் கட்டினாள். 124, 78. "மாஷா அல்லா, நல்லா ஈக்கி." இவர் வாசலில் நின்று சிரித்தார், "எரும மாதிரி இருப்பா, அவளுக்கு என்ன வரப்போகுது" என்று. இவருக்கும் ஒரு தரம் கட்டிப் பாரேன் மகள் என்று கேட்டேன். "ஏலா அன்ட்டி. தெரிவான ஆளுக்கு மட்டுந்தான். மெஷின்ல ஏறினா ஓபிஸுக்குத் தெரியும், எனக்குத்தான் ஏச்சு." இவர் அதற்குள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவிவிட்டார்.

பிறகு கேள்வி. டெப் என்கிற கைக் கம்பியூட்டரில் தட்டித் தட்டி முக்கால் மணி நேரம். கடந்த ஏழு நாளில் ஓடினீர்களா? இல்லை. சைக்கிள்? இல்லை. யோகா? இல்லை. நீச்சல்? அடைமழை பெய்தால் எங்கள் லைனில் எல்லாரும் நீச்சல்தான் என்றேன். சிரித்துவிட்டு 'இல்லை' போட்டாள். தையல் மெஷின் மிதிப்பது சேருமா என்று நான் கேட்டதற்கு யாருக்கோ போன் பண்ணிப் பார்த்தாள். சேராதாம், அது உட்கார்ந்திருக்கிற வேலையாம். இருபது வருஷமாக முழங்கால் தேய மிதிக்கிறேன், உட்கார்ந்துதான் இருந்திருக்கிறேன்.

கையில் மணிக்கூடு மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நடப்பதையெல்லாம் எண்ணுமாம். ஏழு நாள் கழற்றக் கூடாது. ஒரு தாளும் தந்தாள், தினமும் எங்கே, எவ்வளவு நேரம் நடந்தேன் என்று நிரப்ப.

மார்ச் 23, திங்கள்

பின்னேரம் இடி, மழை இல்லை. ரவிக்கை இரண்டு முடிந்தது. ஒன்றுக்குக் கை இறுக்கமாம், கீழ் வீட்டுக்காரி வைதுவிட்டுப் போனாள்.

தாளில்: கடைக்குப் போய் வந்தது 15 நிமிஷம். தண்ணீர் எடுத்தது 10. வேறொன்றும் இல்லை.

இவர் வேலையிலிருந்து வந்து சாப்பிடவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம், முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மெஷின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எருமைக்கு அளந்து என்ன பிரயோஜனம்.

மார்ச் 24, செவ்வாய்

ஒரு புடவைக்கு ஓரம் அடித்தேன். கௌரி ஓவர்டைம். மண்ணெண்ணெய் தீர்ந்தது.

இவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். சொன்னதும் கோபம். "கொறை கண்டுபுடிக்கிறதே ஒனக்கு வேலையாப் போச்சு."

தாளின் அடியில் ரிஸ்னாவின் நம்பர் இருக்கிறது. போன் பண்ணி, தேதி பிழையாகச் சொல்லிவிட்டோம் மகள், மெஷினை எடுத்துக்கொண்டு இன்னொரு தரம் வா என்று சொன்னால் என்ன? சொன்னால் அவள் டெப்பில் எழுதுவாள். எழுதினது எங்கே போகும், யார் கண்ணில் படும். இரண்டு தரம் நம்பரை அமர்த்தி, இரண்டு தரமும் வெட்டினேன். நாளைக்குப் பார்ப்போம். இவர் வேலைக்குப் போன பிறகு ஆறுதலாகப் பேசலாம்.

மார்ச் 26, வியாழன்

நேற்று எழுதவில்லை.

நேற்றுக் காலை ஐந்தரை. இவர் காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு நின்றார். நான் அடுப்படியில். நேரம் போகிறதே என்று எட்டிப் பார்த்தால் ஒரே பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறார். "பட்டன் போடவும் மறந்துபோச்சா? நான் வந்து ஊட்டியும் விடணுமா?" என்று கத்தினேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது. திரும்பிப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு சரிந்து விழுந்தார்.

பக்கத்து வீட்டுத் திரீவீல் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி. வயது கேட்டார்கள். ஐம்பத்தெட்டு என்றேன். அங்கேயும் ஐம்பத்தெட்டு. நாக்கு தானாகச் சொல்கிறது, சனியன் பிடித்த நாக்கு.

வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு இல்லை. மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதாம். பிரஷர் இருநூற்றைத் தாண்டி. டொக்டர் சின்ன வயதுக்காரர், சிங்களத்தில் கேட்டார், இத்தனை நாளில் ஒரு தரமாவது அளந்து பார்க்கவில்லையா என்று. கௌரி என் முகத்தைப் பார்த்தாள்.

மார்ச் 28, சனி

மழை. உடுப்பு காயவில்லை.

பஸ்ஸில் போக முடியவில்லை என்னால். உட்கார்ந்தால் அந்தப் பட்டன் வந்து நிற்கிறது. நடந்தே போகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வர, காலையில். மத்தியானம் கஞ்சியோடு. பின்னேரம் பார்க்கிற நேரத்துக்கு. மருந்து வெளியில் வாங்க டவுனுக்கு. கீழ்ப் படியிலிருந்து வாட்டு வரை நாலு தரமோ ஐந்து தரமோ, லிப்டில் எங்களை ஏற்றமாட்டார்கள்.

இதையெல்லாம் அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கட்டில் பக்கத்து வாங்குப் பலகையில் சும்மா இருக்கும்போது பையில் அதுதான் இருந்தது.

கௌரி தண்டவாளம் ஓரமாகக் கூட நடந்து வந்தாள். "அப்பாவுக்கு முந்தியே ஏதாச்சும் இருந்துச்சாம்மா? ஒங்ககிட்ட சொன்னாரா?" தலைவலி இருந்தது என்றேன். "தலைவலி எனக்கும்தான் தெரியும்" என்று வேகமாக முன்னால் போய்விட்டாள்.

மார்ச் 30, திங்கள்

காலையில் ரிஸ்னா வந்தாள், மணிக்கூட்டைக் கழற்ற. விஷயம் தெரியாது அவளுக்கு. சிரித்துக்கொண்டே வந்தாள். மணிக்கூட்டை டெப்பில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அன்ட்டி! மொத ரெண்டு மூணு நாளும் ஒண்டுமே இல்ல. புதன்லேர்ந்து பாருங்க, நான் போன வீடுகள்ல யாருமே இவ்வளவு நடக்கல்ல!" என்றாள்.

பிறகு ஒரு கேள்வி இருக்கிறதாம். நடை கூடினதுக்குக் காரணம். அவளே வாசித்தாள்: உடம்பு குறைக்க, டொக்டர் சொன்னதால, பொழுதுபோக, கூட்டாளிமாரோட, வேற. வேற என்றேன். என்ன வேற, எழுதணும் என்றாள். சொன்னேன்.

டெப்பை மடியில் கவிழ்த்துவிட்டாள். பாவம், இருபத்திமூன்று இருபத்திநாலு வயதுதான் இருக்கும். "யா அல்லா. அந்த மாமாவா? வாசல்ல நிண்டு சிரிச்சிக்கொண்டு ஈந்தாரே."

கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் பெயர் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

"பிரஷர் அவ்வளவு கூட ஈந்தா அன்டைக்கே லெட்டர் எழுதிக் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புற. வத்தேகமவுல ஒருத்தர அப்பிடித்தான் அனுப்பின. மருந்து குடிச்சிக்கொண்டு நல்லா ஈக்காரு."

தேதியை யாராவது பிழையாகச் சொன்னால்? ஓபிஸுக்கு, வேலை இடத்துக்கு அறிவிப்பீர்களா?

"தேதி ஒண்டும் எழுதுறல்ல அன்ட்டி. யாருக்கு மொதல்ல வருது எண்டு பாக்க மட்டுந்தான். வருஷமும் கேக்குறல்ல. பேர் கூட மேல போகாது, நம்பர் மட்டுந்தான் போற."

சித்திரை என்று ஒரு சொல். வயது வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், பைலும் இல்லை பென்ஷனும் இல்லை. ஏப்ரல் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் அவள் அவர் கையில் பட்டியைக் கட்டியிருப்பாள். முப்பது வருஷம் ஒளித்துப் பழகிய இரண்டு மடையர்கள், கேட்காதவளிடமும் ஒளித்தோம்.

அவள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அல்லாவிடம் அவருக்காகத் துஆ செய்கிறேன் என்றாள். நல்ல பிள்ளை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வெயில். கஞ்சிப் போத்தல், துவாய் இரண்டு, உடுக்கச் சாரம், பழைய தலையணை உறை. கௌரி இன்று வேலைக்குப் போனாள். என்னோடு பேச்சுக் குறைவு.

உடற்பயிற்சி சொல்லித் தருகிற மிஸ் வாட்டுக்கு வந்தார். வலது கையை முழங்கையில் மடக்கி நீட்ட வேண்டும், காலையில் இருபது, பின்னேரம் இருபது. அவரால் முடியாது, நான்தான் பிடித்துச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அப்படியே இறுகிவிடுமாம். நாம் சொல்வது அவருக்கு விளங்குமா என்று கேட்டேன். எல்லாம் விளங்கும், வாய்தான் வராது என்றார்.

மிஸ் போனதும் தொடங்கினேன். என்ன பாரம் அந்தக் கை. பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிவிட்டார். பதினொன்று வரை சும்மா எண்ணினேன். பிறகு அவர் காதுப் பக்கம் குனிந்து சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு ஒங்களுக்குத்தான் விழுந்திருக்கணும். சித்திரைன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெஷின்ல காட்டியிருக்கும். ஒங்க மொகத்தப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன். வீடு போயிருமேன்னு நானும் பயந்தேன். அவுங்க தேதியே எழுதலியாங்க. சும்மாதான் கேட்டாங்களாம்."

கண்ணை மூடாமல் கேட்டார். கண்ணீர் இடது கண்ணில் மட்டும் வழிந்தது. பிறகு முகத்தை மெல்ல, மெல்ல, சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கையை மட்டும் என்னிடமிருந்து இழுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. மிச்சம் ஒன்பதையும் மடக்கி நீட்டிவிட்டுத்தான் வந்தேன்.