வட்டமாக வைத்த கைநாட்டு

அமிர்தி
4.8.2024

அன்புள்ள முனிசாமிக்கு,

போனில் கேட்கத் தைரியம் வரவில்லை. எழுத வேண்டியவை இவை:

1. சின்னராஜ் மகள் கல்பனா, நம் சுடுகாட்டுப் பாதையை அடைத்த வேலியை எடுக்கச் சொல்லி மனு தயாரிக்கிறாள்.
2. 1978இல், டீக்கடையில் நமக்கு வைத்த தனிக்குவளையை எதிர்த்த மனுவில் சின்னராஜைக் காட்டிக்கொடுத்தது நீ.
3. ஆகவே இந்த மனு உன் கைக்கு வரக் கூடாது.

இரண்டாவதற்கு என்னிடம் சாட்சி இல்லை. தவறாகவும் இருக்கலாம். ஆனால் யோசித்துப் பார். முதல் ஆள் யாரென்று தெரியக் கூடாதென்றுதானே பதினேழு பேரும் வட்டமாகக் கைநாட்டு வைத்தார்கள்? மனுவை பஸ் ஏறி கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துப்போனது நீ. நான்காம் நாள் சின்னராஜை மட்டும் அடித்துக் காலை முறித்தார்கள். அன்று சாயங்காலம் அதே டீக்கடையில் நீ நின்றதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கேட்காதது என் கோழைத்தனம்.

மூட்டுவலி எப்படி இருக்கிறது? வீட்டில் ரோசியும் விசாரித்தாள்.

அடைக்கலம்

ஜமுனாமரத்தூர்
11.8.2024

வாத்தியாரே,

துரோகின்னு எழுதிட்டு மூட்டுவலி விசாரிக்கிற. நல்லா கீதுய்யா! ரிட்டையர் ஆகியும் நம்பர் போடுற புத்தி உன்ன வுடல.

"அவன மட்டும் இன்னாத்துக்குடா அடிச்சீங்க"ன்னு கேக்கத்தான் கடைக்குப் போனேன். ஆபீசுல குடுத்த மனு எப்படியோ கடைக்காரன் கைக்கு வந்துகீது. "வட்டம் போட்டா தெரியாதா? உங்க வாத்தியாரே நம்பர் போட்டுக் குடுத்துக்கீறாரு பாரு"ன்னு சிரிச்சான்.

கல்பனா தகவல் உரிமையில வாங்கின நகல் இதோட வச்சிருக்கேன். கைநாட்டுப் பக்கத்துல பென்சில்ல யாரு எழுத்து? அவளும் கேட்டா. தெரியலன்னுட்டேன்.

அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருந்தா நீ கெணத்துல வுழுந்திருப்ப.

முனிசாமி

அமிர்தி
20.8.2024

அன்புள்ள முனிசாமி,

நகலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வால் வளைந்த அந்த ஏழு என்னுடையதுதான். யார் கைநாட்டு எது என்று பெயர்ப்பட்டியலில் குழம்பக் கூடாதென்று, வைத்த வரிசைப்படியே எண் போட்டேன். அழிக்க மறந்துவிட்டேன். ஒன்றாம் எண் சின்னராஜ்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய், உன்னைச் சந்தேகப்பட்டதையும் சேர்த்துக் கல்பனாவிடம் சொன்னேன். நகலை வாங்கி, ஒன்றாம் எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்பா சாவுற வரைக்கும் உங்களத்தான் நல்லவருன்னு சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள். புது மனுவில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். தாளை எடுத்து மடித்துக்கொண்டாள். "முனிசாமி மாமா வரட்டும். அவரு போடச் சொன்னா போடுங்க."

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவள் வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். வருவதும் வராததும் உன் விருப்பம். நான் வாசலில் நிற்பேன்.

இரண்டாவதாக எழுதியது தவறு, முனிசாமி. காட்டிக்கொடுத்தது நான்.

அடைக்கலம்