பத்தொன்பது இஞ்ச் மானிட்டர்

பர்வின்,

மீன் ஆணம் சட்டியில் இருக்கிறது. பூனை வருவதற்குள் சாப்பிட்டுவிடு.

நாம் வாங்கிய பழைய மானிட்டரை இன்று தஞ்சாவூர்க் கடைக்கே தூக்கிப் போனேன். “பத்தொன்பது இஞ்ச்னு சொன்னீங்க, அகலம் பதினஞ்சுதான் இருக்கு. மீதி நாலு எங்க?” என்று சத்தம் போட்டேன்.

கடைக்காரப் பெண் என் டேப்பை வாங்கி, மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தாள். “இப்படித்தான் அளக்கணுங்க.” சரியாகப் பத்தொன்பது.

திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். படம் தெளிவாகத் தெரிகிறது. ஏழு மணிக்கு வந்துவிடுவேன்.

ஜெகபர் அலி

பி.கு.: முந்தாநாள் நீயும் இதைத்தான் சொன்னாய். ‘கணக்கு டீச்சருக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்’ என்று நான் கேட்டது தப்பு.

இன்னொன்று: எட்டு மணிக்கு நம் மகள் ஷமீரா துபாயிலிருந்து பேசுவாள். அவளிடம் இதைச் சொல்லாதே. முந்தாநாளிலிருந்து பேசாமல் இருக்கிறாய், இனி என்னோடு பேசிவிடு.