பார்த்துச் சலித்த முடிவு

என்னங்க,

இடிந்த சுரங்கத்துக்குள் சிக்கியிருக்கும் உங்களிடம் வரும் குழாய் ஒல்லியானது என்று சின்னத் தாள்தான் கொடுத்தார்கள். மருந்தோடு சுருட்டி இறக்குவார்களாம்.

நேற்று மகள் அந்த விண்வெளிப் படத்தை மறுபடி போட்டாள். விண்கலத்தில் கதாநாயகனுக்குக் காற்று தீரும்போது உங்கள் கையைக் கிள்ளினேனே, அதே படம். "எப்படியும் வந்துடுவான், இதுக்குப் போயி பயப்படுறியே" என்று சிரித்தீர்கள். வந்துவிடுவான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் உங்கள் கையை விடவில்லை. அவன் தரையிறங்கியதும் அழுதேன். நேற்றும் அப்படித்தான். கிள்ளத்தான் உங்கள் கை இல்லை.

"அப்பா சொன்ன மாதிரியே வந்துட்டான் பாரும்மா" என்றாள் மகள்.

உங்களை மேலே கொண்டுவரத் துளை போடும் சத்தம் மதியத்திலிருந்து கேட்கவில்லை. டீ குடிக்கத்தான் போயிருப்பார்கள்.

புதுசாக எதுவும் வேண்டாம். பார்த்துச் சலித்த அந்த முடிவே எனக்குப் போதும்.

உங்கள் வீட்டுக்காரி