எண்ணாமல் விட்ட கட்டங்கள்

மச்சான்,

நேற்று உன் தங்கச்சி ஒரு படிவத்தோடு என் பாமன்கடை வீட்டுக்கு வந்திருந்தாள். சாட்சியாகக் கையெழுத்துப் போடப் பேனை தேடி மேசை லாச்சியைக் கிளறினேன். அகப்பட்டது உன் சிவப்புப் பென்சில். அடிப்பக்கம் முழுக்க உன் பல் பதிந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். மர வாசனை எப்போதோ போய்விட்டது.

அந்தப் பென்சிலால்தானே உலகத்துக்கே நிறம் தீட்டினோம்! உலகப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வகைப் பாலூட்டிகள், எத்தனை வகைப் பறவைகள் என்று பட்டியலில் பார்த்து நிறமிடுவது படம் வரையும் கந்தோரில் நம் வேலை. நிறைய வகைகள் என்றால் சிவப்பு, குறைவென்றால் மஞ்சள், ஒன்றுமே இல்லையென்றால் வெள்ளை. பூமத்திய ரேகையை ஒட்டி ஒரே சிவப்பு. துருவத்தை நோக்கிப் போகப் போக வெளிறிவிடும்.

"நடுக்கோடு எங்கடை கொட்டாஞ்சேனை மச்சான், மூச்சு விட இடமில்லை. துருவம் பணக்காரரின்ரை கறுவாத்தோட்டம், றோட்டிலை ஆளே இல்லை" என்பாய். எனக்குத் தேத்தண்ணீர் புரையேறும்.

பிறகு நம் தீவின் பெரிய படம் வந்தது. சண்டையால் வன்னியிலிருந்து ஒரு பட்டியலும் வரவில்லை. நான் அந்தக் கட்டங்களை வெள்ளையாகவே விட்டேன். உனக்கு வந்ததே ஒரு கோபம்.

"வன்னியும் பனிக்கட்டியும் ஒண்டோ? கரடி, சிறுத்தை, மயில் எல்லாம் எங்கை போனது? இல்லையெண்டது வேறை, எண்ணேல்லையெண்டது வேறை!"

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் சாய்கோடுகள் கீறினாய். எண்ணவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்றாய்.

"அவ்வளவு கவலையெண்டால் நீயே போய் எண்ணிக்கொண்டு வாவன்" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். வன்னிக்குப் பாதை திறந்த வாரமே நீ லீவு போட்டுவிட்டுப் போனாய். பாதை மறுபடி மூடியது. நீ வரவில்லை.

படம் அச்சுக்குப் போகும் நேரம், கோடுகள் ஊத்தையாகக் கிடக்கின்றன, அழி என்றார் கந்தோர்ப் பெரியவர். அழித்தேன். அச்சான படத்தில் வன்னியில் ஒரு குருவிகூட இல்லை.

சண்டை முடிந்தபின் உன்னைத் தேடி இரண்டு தடவை போனேன். காடு இருந்ததென்று சனங்கள் சொன்ன இடங்களில் கரிக்கட்டைகளும் காகங்களும்தான் இருந்தன. இனி யார் போய் எண்ணினாலும் அன்று இருந்தவை எண்ணிக்கையில் வரப்போவதில்லை. என் வாய்க்கொழுப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தங்கச்சி கொண்டுவந்த படிவத்தில் உன் பெயருக்கு நேரே இரண்டே பெட்டிகள். உயிருடன் உள்ளார். உயிருடன் இல்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தை உன் பெயரிலிருந்து மாற்ற அது வேண்டுமாம். நான் யோசிக்காமல் இரண்டு பெட்டிகளிலும் உன் பென்சிலால் சாய்கோடு கீறிவிட்டேன்.

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கியிருக்கும்.

"அண்ணா, புதுக்கடைக் கோர்ட்டிலை இதை எடுக்க மாட்டினம். ரெண்டிலை ஒண்டு போடத்தான் வேணும். அம்மாவுக்கும் ஏலாது, என்னாலையும் இனி அலைய ஏலாது. பென்சில்தானே, அழிச்சு விடுங்கோ."

அழித்தேன் மச்சான். இரண்டாம் தடவையும் நானேதான். பிறகு அவளுடைய பேனையை வாங்கி 'இல்லை' என்ற பெட்டியில் அடையாளமிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பென்சில் சட்டைப் பையில் இருக்கிறது. நீ இல்லையென்று எனக்குத் தெரியாது. எண்ணாமலே எழுதிவிட்டேன்.