அரை மூட்டைக் கடலை

சின்னாளபட்டி
14.9.1986

அன்புள்ள மணிமாறன் அண்ணனுக்கு,

தங்கை தீபா எழுதுவது. அம்மா நலம். எனக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அக்கா நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

பம்பாயிலிருந்து நீ போட்ட கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "சூர்யகலா வேணும்னே பட்டினி கிடக்கிறாள், ரெண்டு அடி போட்டுச் சோறு ஊட்டுங்கள்" என்ற வரியை மட்டும் வாசிக்கவில்லை. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொல்லச் சொல்ல உனக்கு எழுதியதும் நான்தான். அதனால் என் மேலும் எனக்குக் கோபம்.

செம்பட்டி உடையப்பன் வீட்டாரை அக்காவைப் பெண் பார்க்க அனுப்பியது நீ. அன்று நடந்ததை யாரும் உனக்கு எழுதவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "என்ன ஆத்தா, வேலிக் குச்சி கணக்கா இருக்க? அஞ்சு கிலோ ஏறட்டும், ஐப்பசியில பேசுவோம்" என்றார். மறுநாளே தங்கள் கடலை மில்லிலிருந்து அரை மூட்டைக் கடலை அனுப்பினார், மாட்டுக்குப் புண்ணாக்கு அனுப்புவது போல.

அன்று முதல் அக்கா தறியில் உட்காருமுன் அம்மா இரண்டு கை ஊறவைத்த கடலை கொடுக்கிறாள். பதினொரு மணிக்கு வறுத்த கடலை. மத்தியானம் அக்கா நாலு வாய் சோற்றோடு எழுந்துவிடுகிறாள். "இம்புட்டுக்கா பொரியலும் கூட்டுமா வெஞ்சனம் வச்சேன்" என்று அம்மா தட்டைத் திரும்ப அவள் பக்கம் தள்ளுகிறாள். வெள்ளிக்கிழமைதோறும் திண்டுக்கல் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய் எடை மெஷினில் ஏற்றுகிறாள். நாலு சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பது.

எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். கடலையில் எண்ணெயும் புரதமும் நிறைய, செரிக்க நேரமாகும், அதுவரை பசி எழாது என்றார். நானும் ஐந்து நாள் தின்று, நோட்டில் மணி குறித்தேன். ஏழு மணிக்கு இரண்டு கை கடலை தின்றால், பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் பசிக்கவில்லை. என் தயிர்ச்சோற்றைப் பக்கத்து பெஞ்சு அஜீஸுன்னிசாதான் ஐந்து நாளும் தின்றாள். "தினமும் கடலை தின்னுடி" என்கிறாள்.

ஆகவே அக்கா பட்டினி கிடக்கவில்லை. அவள் பசியைக் கடலையால் அடைத்துவிட்டு, ஏன் தின்னவில்லை என்று அவளையே ஏசுகிறீர்கள். இந்தச் சம்பந்தம் பிடித்திருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

நேற்று நோட்டை அக்காவிடம் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டு முறை படித்தாள். "இதை அண்ணனுக்கு எழுதிப்புடாத. கடலையை நிறுத்திட்டா நான் தேறிருவேன்ல, ஐப்பசியில பேச வந்துருவாகல்ல" என்றாள். பிறகு அம்மாவிடம் தானே போய் இன்னும் ஒரு கை கடலை கேட்டு வாங்கினாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நேற்றும் இன்றும் அக்கா சோற்றைத் தொடவே இல்லை.

நீ எழுதிய பொய்யை இப்போது அவள் மெய்யாக்குகிறாள். எழுதாதே என்று சொன்னதை எழுதிவிட்டேன். அவள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. ஐப்பசி வரைக்கும் பொறுக்காதே. செம்பட்டிக்கு ஒரு கார்டு போட்டு, எங்களுக்குச் சம்மதமில்லை என்று நீயே எழுதிவிடு. அம்மா உன் பேச்சைத்தான் கேட்பாள்.

அங்கே வேளைக்குச் சாப்பிடு, அண்ணா. இங்கே அவளும் சாப்பிட வேண்டும்.

கோபம் தீராத தங்கை,
தீபா